வெள்ளி இரவின் பெற்றோர்: ஒரு படிவத்தை முன்வைத்து

1

டெக்சாஸில், டல்லாஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில், அக்கா வீட்டில் சென்ற ஆண்டு ஆறு வாரம் தங்கியிருந்தேன். அக்டோபர் மாதம். வெள்ளிக்கிழமையானால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் வீடு காலியாகிவிடும். மூத்தவன் பள்ளியின் பாண்டு அணியில் பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறான். அவன் முன்கூட்டியே போயாக வேண்டும். அக்கா பள்ளிப் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, மைதானத்தில் தின்பண்டக் கடை நடத்தும் பெற்றோர் குழுவோடு சேர்ந்துகொள்வாள். அத்தான் ஆபீசிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவார். வாரத்தில் இந்த ஒரு ராத்திரிதான் அவர்கள் 'வெளியே போகிற' ராத்திரி. "சினிமாவுக்குப் போயே ரெண்டு வருஷமாச்சுடா. எங்களுக்கு இதுதான் சினிமா, இதுதான் கோயில் திருவிழா" என்றாள் அக்கா.

இரண்டாவது வாரம் நானும் போனேன். உயர்நிலைப்பள்ளி ஃபுட்பால். பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையாலும் தோளாலும் தலையாலும் நடப்பது. பக்கத்துக்குப் பதினொரு பேர். தலைக்கவசம், தோள்கவசம். 12 நிமிடப் பகுதிகள் நான்கு. ஆனால் ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகிறது. சில நொடிகள் மோதல், பிறகு நிறுத்தம், ஆலோசனை, மறுபடி சில நொடிகள் மோதல். இந்த நிறுத்தங்களில்தான் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் காந்த வில்லையால் ஒட்டப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் இளையவன் இணையத்திலிருந்து அச்செடுத்து ஒட்டியது. அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் அவன் குழல் ஊதப் போவதில்லையாம், ஆடப் போகிறானாம். தலையில் அடிபட்டு மூளை அதிரும் அபாயம் குறித்த விவரங்களைப் படித்து அறிந்துகொண்டோம் என்று மாணவனும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டிய படிவம் அது. மாணவன் கையெழுத்து இருந்தது. பெற்றோருக்கான கோடு காலியாக இருந்தது. அத்தான் "நீ பாத்து முடிவு பண்ணு" என்று அக்காவிடம் விட்டுவிட்டார். அக்கா என்னிடம் கேட்டாள்: "என்னென்னமோ தியரியெல்லாம் படிக்கிறே, எழுதறே. சொல்லு, போடட்டுமா வேண்டாமா?"

சிரித்து மழுப்பினேன். அன்று சொல்ல முடியாத பதிலைத் தேடும் முயற்சிதான் இக்கட்டுரை. டெக்சாஸ் பையன்களின் ஆட்டத்தைப் பற்றித் தமிழ்ச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். பெற்ற பிள்ளையின் உடலைப் பொதுவில் வைத்துப் பார்த்து மகிழும் ஒரு பார்வை அங்கே எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

2

முதலில் இரண்டு சுலபமான பதில்களை அப்புறப்படுத்திவிட வேண்டும்.

ஒன்று, நம் இடதுசாரி நண்பர்களின் பதில்: விளையாட்டு மக்களுக்கு ஊட்டப்படும் அபின். இதைச் சொல்கிறவர் காலரியில் ஒருமுறைகூட உட்காராதவராகத்தான் இருக்க முடியும். டிரினிடாடைச் சேர்ந்த மார்க்சியரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியான 'எல்லைக்கு அப்பால்' என்ற நூலில் கிரிக்கெட்டை வாசித்தபோதே இந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. நிறம், வர்க்கம், காலனியம் எல்லாம் மைதானத்துக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கவில்லை, அவை ஆட்டத்துக்குள்ளேயே ஆடப்படுகின்றன என்று காட்டியவர் அவர்.

இன்னொன்று, அக்காவின் அண்டை வீட்டாரின் பதில்: இது ஊர்கூடித் தேர் இழுப்பது, 'சமூகம்' என்பதே இதுதான். இதிலும் உண்மை இருக்கிறது. தனித்தனிக் கார்களில் போய்த் தனித்தனிக் கதவுகளுக்குப் பின் அடைந்துகொள்ளும் ஒரு புறநகரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் உட்காருவது லேசான காரியமல்ல. ஆனால் இந்த 'நாம்' தானாக விளைந்ததல்ல. சட்டம் போட்டு வேலி கட்டிக் காப்பாற்றப்படுவது. 1961 இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வெள்ளி இரவுகளில் பள்ளி ஆட்டங்களுக்குப் போட்டியாகத் தொழில்முறை ஃபுட்பாலைத் தொலைக்காட்சியில் காட்டவிடாமல் தடுக்கும் வகையில் எழுதப்பட்டது. வெள்ளி இரவு பள்ளிக்கு என்று ஒதுக்கப்பட்ட இரவு. இந்த 'நாம்' எந்தக் கடவுளைக் கும்பிடுவது என்பதும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெக்சாஸின் சாண்டா ஃபே பள்ளி மாவட்டத்தில் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் பிரார்த்தனை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2000 இல் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த வாஷிங்டன் மாநிலப் பயிற்சியாளர் ஒருவருக்குச் சாதகமாக 2022 இல் தீர்ப்பளித்தது. 'சமூகம்' என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ரோலன் பார்த் 1957 இல் வெளியான 'புராணங்கள்' நூலில் மல்யுத்தத்தைப் பற்றி எழுதியது நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே வலி ஒரு குறி. பார்வையாளருக்கு வேண்டியது வலியின் தோற்றம்தான், வலியல்ல. அந்த வாசிப்பை இங்கே பொருத்திப் பார்த்தால் ஓரிடத்தில் உடைகிறது. பார்த்தின் பார்வையாளருக்கு மேடையில் விழுபவன் யாரோ ஒருவன். இங்கே விழுபவனுக்குக் காலையில் தோசை வார்த்துக் கொடுத்தவள் காலரியில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கவசம் முகத்தை மறைத்துவிடுகிறது. மிஞ்சுவது முதுகில் ஓர் எண். தாய்மார்கள் பிள்ளையின் புகைப்படம் பதித்த வில்லையைத் தம் மார்பில் குத்திக்கொண்டு வருகிறார்கள். மைதானத்தில் காணாமல் போன முகம் தாயின் மார்பில் இருக்கிறது. முகத்தை இவள் வைத்துக்கொள்கிறாள், உடலை அங்கே அனுப்பிவிடுகிறாள்.

3

இந்தக் காட்சியை அமெரிக்கக் கவிதையில் முதலில் தீவிரமாக வாசித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரைட். ஒஹையோ மாநிலத்து மார்ட்டின்ஸ் ஃபெர்ரி என்ற தொழிற்சாலை ஊரில் 1927 இல் பிறந்தவர். 1963 இல் வந்த தொகுப்பில் அந்த ஊரின் இலையுதிர் காலத் தொடக்கத்தைப் பற்றி 12 வரிகளில் ஒரு கவிதை இருக்கிறது. கவிஞன் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவன் நினைப்பெல்லாம் அங்கே இல்லாதவர்களைப் பற்றி: பக்கத்து ஊர்களின் போலந்துத் தொழிலாளி, உலைக்கூடத்துக் கறுப்பினத் தொழிலாளி, எஃகு ஆலையின் இரவுக் காவலாளி. பிறகு வீட்டுக்குப் போகக் கூசும் தகப்பன்கள், அன்புக்கு ஏங்கும் பெண்கள். அதன் பிறகே பையன்கள் வருகிறார்கள், அழகாகவும் தம்மையே அழித்துக்கொள்கிறவர்களாகவும்.

இந்தக் கவிதையின் அரசியல் முழுவதும் காரணத்தையும் விளைவையும் கட்டுகிற ஒற்றை இணைப்புச் சொல்லில் இருக்கிறது. அப்பன் ஆலையில் தோற்றான். ஆகவே மகன் மைதானத்தில் மோதுகிறான். வறுமை காரணம், ஆட்டம் விளைவு. கண்ணீர் விடாமல், கோஷம் போடாமல், தர்க்கத்தின் தொனியிலேயே ஒரு குற்றச்சாட்டை வைத்துவிடுகிறார் ரைட். அதன் முன் மரியாதையோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, அக்கவிதையில் பெண்கள் ஏக்கமாக மட்டுமே இருக்கிறார்கள். அவர்கள் எதையும் செய்வதில்லை. நான் பார்த்த இரவில் பெண்கள்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார்கள். 'பூஸ்டர் கிளப்' என்ற பெற்றோர் குழுவில் சீஸ் ஊற்றிய நாச்சோஸ் விற்பது, சீருடை தைத்துத் தருவது, நிதி திரட்டுவது, இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையைக் கழுவி மூடுவது. எல்லாம் கூலியில்லாத உழைப்பு. 'வெளியே போகிற ராத்திரி' என்று அக்கா சொன்ன ராத்திரியில் ஆட்டத்தின் பாதி நேரம் அவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது, அந்த 'ஆகவே' இன்று செல்லுபடியாகவில்லை. ஒஹையோ பள்ளத்தாக்கின் எஃகு ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆட்டமோ நிற்கவில்லை. டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற வசதியான ஊரின் பள்ளிக்காக சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் 2012 இல் திறக்கப்பட்டது. (2014 இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, செப்பனிட்டு 2015 இல் மறுபடி திறந்தார்கள்.) கூசி நிற்கும் தகப்பன்கள் கட்டியதல்ல அது, கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போடும் தகப்பன்கள் கட்டியது. ரைட்டின் காலத்தில் பிள்ளை அப்பனின் தோல்விக்கு ஈடு. இன்று பிள்ளை அப்பனின் முதலீடு. காரணம் மாறியும் விளைவு மாறவில்லை என்றால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

4

தேடினால் ஒடெஸாவில் நிற்கிறோம். பத்திரிகையாளர் பஸ் பிஸிங்கர் 1988 இல் மேற்கு டெக்சாஸின் எண்ணெய் நகரமான ஒடெஸாவில் குடியேறி, பெர்மியன் உயர்நிலைப்பள்ளி அணியோடு ஒரு பருவம் முழுதும் இருந்து, 1990 இல் 'வெள்ளி இரவு விளக்குகள்' நூலை வெளியிட்டார். நூலின் பலம் அதன் கணக்கு வழக்குகளில் இருக்கிறது. ஆங்கிலத் துறைக்குக் கற்பித்தல் பொருள்கள் வாங்க 5,040 டாலர். ஆட்டப் படச்சுருள்களை அவசரமாகக் கழுவிப் பயிற்சியாளர்களிடம் சேர்க்க 6,400 டாலர். வெளியூர் ஆட்டங்களுக்குத் தனி விமானம் அமர்த்த 70,000 டாலர். எந்தக் கோட்பாட்டாளரும் இதைவிடச் சுருக்கமாகக் கருத்தியல் என்றால் என்ன என்று விளக்கிவிட முடியாது.

அந்த நூலின் காயம் பூபி மைல்ஸ். கறுப்பின இளைஞன், சித்தப்பாவின் வளர்ப்பில் வளர்ந்தவன், அணியின் நட்சத்திரம். பருவம் தொடங்கும் முன்பே ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விடுகிறது. பெரிய கல்லூரிகளின் அழைப்புகள் நின்றுவிடுகின்றன. ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்தவன் சில வாரங்களில் ஊரின் கேலிப்பொருளாகிறான். அவனுடைய இடத்துக்கு இன்னொருவன் வருகிறான். அணி மாநில அரையிறுதி வரை போய் டல்லாஸின் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 என்று தோற்கிறது. ஒடெஸா என்ற ஊரே ஒரு பெற்றோராக நடந்துகொள்கிறது. ஆனால் அடிபட்டால் பிள்ளையில்லை என்று சொல்லிவிடக்கூடிய பெற்றோர். ஊருக்கு நூல் பிடிக்கவில்லை. மிரட்டல்கள் வந்ததால் பிஸிங்கர் ஒடெஸாவுக்குப் போவதையே ரத்து செய்ய வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. 2004 இல் திரைப்படம். அதில் தந்தை வேடத்தில் வரும் டிம் மெக்ரா, பந்தைத் தவறவிடும் மகனின் கைகளில் பந்தை வைத்து டேப் போட்டுச் சுற்றிவிடுகிறார். கொடுமை ஒரு குடிகாரத் தகப்பனின் முகத்தில் குவிக்கப்படுகிறது. 2006 முதல் 2011 வரை தொலைக்காட்சித் தொடர். முதல் அத்தியாயத்திலேயே ஓர் ஆட்டக்காரன் அடிபட்டு முடங்கிப்போகிறான். ஆனால் அங்கே பயிற்சியாளரும் அவர் மனைவியும் பண்புமிக்க பெற்றோர், பார்க்கிறவர்களுக்கு ஆறுதல். நூலில் ஓர் அமைப்பின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, படத்தில் கெட்ட அப்பனின் கதையாகி, தொடரில் நல்ல அப்பனின் கதையாகிவிட்டது. பதினாறு வருஷத்தில் கேள்வியே மாறிவிட்டது: 'இந்த ஆட்டம் ஏன் இப்படி?' என்பது போய், 'நீ நல்ல பெற்றோரா?' என்று ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காகிதமும் அக்காவைப் பார்த்துக் கேட்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

5

இனி அந்தக் காகிதம். இலக்கியப் பிரதிகளை வாசிக்கும் அதே கவனத்தோடு இதையும் வாசிக்க வேண்டும்.

2009 இல் வாஷிங்டன் மாநிலம் முதலில் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. டெக்சாஸில் 2011 இல் வந்தது. ஒவ்வொரு பள்ளியாண்டும் மாணவனும் பெற்றோரும் கையெழுத்திட்டால்தான் களம் இறங்கலாம். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், மருத்துவரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் திரும்ப அனுப்பக்கூடாது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும். நான் இவற்றைக் கொச்சைப்படுத்தவில்லை.

ஆனால் படிவத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அறிகுறிகளின் பட்டியல்: தலைவலி, குமட்டல், மயக்கம், மறதி. அதாவது, ஆபத்து என்பது ஒரு 'நிகழ்ச்சி'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தால் தெரியும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ தலைமையில் மூளைத் திசுக்களை ஆராய்பவர்கள் சொல்வது வேறு. அவர்கள் வாதப்படி, அறிகுறியே காட்டாத சின்னச் சின்ன அடிகளும் வருஷக்கணக்கில் சேர்ந்து மூளையைச் சிதைக்கும் நோயாகலாம். 2017 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 202 ஆட்டக்காரர்களின் மூளைகளில் 177இல் அந்நோய் இருந்தது. தொழில்முறை உச்ச சங்கமான என்.எஃப்.எல்.லில் ஆடியவர்கள் 111 பேரில் 110 பேர். உயர்நிலைப்பள்ளியோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேர். (பெரும்பாலும் சந்தேகப்பட்ட குடும்பங்களே மூளையைத் தானம் செய்கின்றன என்பதால், இந்த விகிதத்தை அப்படியே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆய்வாளர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.) நோயை உறுதியாகக் கண்டறிவது இறந்த பிறகுதான்.

ஆக, படிவம் பேசுவது விபத்தின் மொழி. ஆய்வு பேசுவது சேர்மானத்தின் மொழி. விபத்துக்குக் கையெழுத்துப் போடலாம். சேர்மானத்துக்கு எந்த இடத்தில், எந்தத் தேதியில் கையெழுத்துப் போடுவது? ஆட்டத்தின் வழக்கமான, விதிப்படியான, கைதட்டல் பெறும் மோதலே ஆபத்து என்றால், அதைச் சொல்லும் இடம் அந்தத் தாளில் இல்லை.

அல்தூசர் சொன்ன அழைப்பு இதுதான். தெருவில் "ஏய், உன்னைத்தான்" என்று போலீஸ்காரர் கூப்பிடத் திரும்பிப் பார்ப்பவன் எப்படிக் குடிமகனாகிறானோ, அப்படியே இந்தக் கோட்டின் மேல் பேனாவை வைக்கிறவள் 'அறிந்து சம்மதித்த பெற்றோர்' ஆகிறாள். பள்ளி மாவட்டம், ஸ்டேடியம், ஒளிபரப்பு, கவசக் கம்பெனி என்று பரந்துகிடக்கும் ஒரு ஏற்பாட்டின் பொறுப்பு, அடுப்படியில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் ஒற்றைக் கையெழுத்தில் வந்து இறங்குகிறது. 'நீ பாத்து முடிவு பண்ணு' என்று அத்தான் சொன்னதும் அதே அமைப்பின் வாய்மொழி வடிவம்தான்.

6

நான் போயிருந்த அன்று, மூன்றாம் பகுதியில் ஒரு பையன் விழுந்து எழவில்லை. விசில். பாண்டு நின்றது. இரண்டு அணிப் பையன்களும் ஒருகால் மடித்து மண்டியிட்டார்கள்; அங்கே அதுதான் வழக்கம். ஆயிரக்கணக்கான பேர் இருந்த இடத்தில் விளக்குக் கம்பங்களைச் சுற்றும் பூச்சிகளின் சத்தம் கேட்டது. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஓர் அம்மா எழுந்தாள். மார்பில் புகைப்பட வில்லை. படியிறங்கிக் கம்பி வேலி வரைக்கும் போனாள். அங்கே நின்றுவிட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை, காவலர் எவரும் அங்கில்லை. கூப்பிடாமல் தாய் மைதானத்துக்குள் போகக்கூடாது. போனால் பையனுக்கு அவமானம். அந்த விதி எங்கேயும் எழுதப்படவில்லை. அக்கா என் காதில் சொன்னாள்: "எங்க கடையில நிக்கிறவங்கதான். பாவம்."

நான்கைந்து நிமிடம் இருக்கும். இரண்டு பேர் தோளில் கைபோட்டுப் பையன் எழுந்தான். இரண்டு பக்கக் காலரியும் கைதட்டியது. அந்த அம்மாவும் கைதட்டினாள். நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டலைப் பிறகு பல நாள் யோசித்தேன். யாருக்காக அது? பையனுக்காக என்றுதான் தோன்றும். எனக்கென்னவோ அதை நமக்காகவே தட்டிக்கொண்டோம் என்று படுகிறது. அந்த நாலு நிமிட மௌனத்தில், அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தாம் எதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்பது தெரிந்துபோய்விட்டது. கைதட்டல் அந்தத் தெரிதலை மூடியது. ஆட்டம் தொடரலாம் என்று நாம் நமக்கே கொடுத்துக்கொண்ட அனுமதி அது. படிவத்தில் ஒருத்தி தனியாகப் போட்ட கையெழுத்தை இங்கே எல்லோரும் சேர்ந்து, கைகளாலேயே, இன்னொருமுறை போட்டோம்.

7

ஊருக்கு வந்த பின் அக்காவிடம் போனில் சொன்னேன்: "போடாதே."

சொன்ன மாத்திரத்திலேயே அந்தப் பதில் எவ்வளவு வசதியானது என்று உறைத்தது. அக்கா மகனுக்குக் குழல் இருக்கிறது, கணினி இருக்கிறது, கல்லூரிக்குப் பணம் கட்ட அப்பா இருக்கிறார். கையெழுத்துப் போடாமலிருக்க முடிவது ஒரு வர்க்கச் சலுகை. பூபி மைல்ஸின் சித்தப்பாவுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. அங்கே ஃபுட்பால்தான் கல்லூரிக்குப் போகும் கதவு. அந்நாட்டில் ஆண்டுதோறும் சுமார் பத்து லட்சம் பையன்கள் பள்ளி அணிகளில் இதை ஆடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தம் பிள்ளையை மட்டும் காலரிக்கு இழுத்துக்கொண்டு, வேறு வழியில்லாதவன் பிள்ளை ஆடுவதைப் பார்க்க வெள்ளிதோறும் டிக்கெட் வாங்கினால், அதற்குப் பெயர் எச்சரிக்கையா? ரோமாபுரியில் அதற்கு வேறு பெயர் இருந்தது.

இதையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நாச்சோஸ் விக்கிறதையும் விட்டுடணுங்கிறியா?" என்றாள்.

விடச் சொல்லும் யோக்கியதை, அன்று கைதட்டியவனுக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் சொன்னேன். அந்தக் கடை வெறும் கடையல்ல. அந்தப் பெண்கள் வாராவாரம் கூடுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பள்ளி நிர்வாகம் அவர்கள் பேச்சைக் கேட்கிறது, ஏனென்றால் ஸ்கோர் போர்டுக்குப் பணம் அங்கிருந்து வருகிறது. படிவம் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிடுகிறது. கடையிலோ அவர்கள் பன்மையில் இருக்கிறார்கள். உடல் மோதும் பயிற்சியை வாரத்துக்கு 90 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று டெக்சாஸில் 2013 இல் விதி வந்தது. அதற்கு முன் அப்படி ஒரு விதி இல்லை. ஆக, இந்த ஆட்டம் இயற்கையல்ல, மாற்றினால் மாறும். தொண்ணூறு நிமிடத்தை யார் எண்ணுகிறார்கள், எழுதி வைக்கிறார்களா, சின்ன வகுப்புப் பையன்களின் பயிற்சியின்போது மருத்துவ உதவியாளர் யாராவது நிற்கிறார்களா? அந்த வேலியில் போய் நின்ற அம்மாவும் அவர்களில் ஒருத்திதானே.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். குழுக் கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். எழுத்துமூலம் தரச் சொல்லியிருக்கிறார்களாம். "இங்கிலீஷ்ல நீயே எழுதித் தாடா" என்றாள். நான் எழுதவில்லை; அவர்களே எழுதட்டும் என்றேன். பெற்றோருக்கான கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இளையவன் என்னோடு பேசுவதில்லை.